உடலின் எடையும் அறிவின் கூர்மையும்



பல்லாண்டுகள் பள்ளியிற் பணியாற்றிய எனக்கு, இன்று நினைத்தாலும் நாணம் தரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. வகுப்பில் முதலாவதாக விளங்கிய மாணவி ஒருத்தி திடீரெனக் கணக்கில் பின்தங்கினாள். கண்கள் கரும்பலகையின்மேல் இருக்கும். கேட்ட வினாவோ செவியில் ஏறாது. சோம்பல் என்று கருதி, எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். தோழியர் அவளது பருமனை எள்ளியதால், அவள் பல வாரங்களாக உணவை ஒதுக்கி வந்தாள் என்பதைப் பின்னரே அவளுடைய தாயார் கூற அறிந்தேன். பசித்திருந்த மூளையைச் சோம்பல் என்று நான் தண்டித்துவிட்டேன்.

மூளைக்கும் பசி உண்டோ எனக் கேட்பீர்கள். உடலெடையில் நூற்றுக்கு 2 பங்கே மூளையின் எடை. எனினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கை அதுவே கொள்கிறது. வரவு குறைந்தால் அது எங்ஙனம் தன் தொழிலைச் செவ்வனே ஆற்றும்?

இதனை விளக்கும் ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்றது. இரண்டாம் உலகப் போரால் ஐரோப்பாவில் பட்டினி கிடந்த மக்களை மீட்கும் வழி காண்பதே அதன் நோக்கம். 1944-ஆம் ஆண்டின் இறுதியில், ஆன்சல் கீஸ் என்னும் அறிஞரின் தலைமையில் அது தொடங்கிற்று. போரிட மனச்சான்று இடந்தராத இளைஞர் 36 பேர் தாமே முன்வந்தனர். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரை வயிற்று உணவே அளிக்கப்பட்டது. உடலெடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் குறைப்பதே திட்டம்.

விளைந்தது என்ன? உணவைத் தவிர வேறெதிலும் அவர்களுக்கு நாட்டமில்லை. சிலர் சமையல் நூல்களைத் திரட்டிப் படித்தனர். சோர்வும் சினமும் மிகுந்தன. மனத்தை ஒன்றில் நிறுத்த இயலவில்லை என்று முறையிட்டனர். வியப்பு யாதெனில், அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் தாழ்ந்துவிடவில்லை. அறிவு அழியவில்லை, அதனைப் பயன்படுத்தும் ஊக்கத்தையும் கவனத்தையும் பசி கவர்ந்துகொண்டது. என் மாணவியின் நிலையும் இதுவே அன்றோ!

உடல் பருத்துவிடும் என்னும் அச்சத்தால் உணவை வெறுத்தொதுக்குவது ஒரு நோயாகவே முற்றுவதுண்டு. அந்நோயுற்றோரின் மூளை சுருங்குவதைப் படக்கருவிகள் காட்டியுள்ளன. மருத்துவத்தால் எடை மீளும்போது, அச்சுருக்கமும் பெரும்பாலும் நீங்குகிறது என்பது ஆறுதலான செய்தி.

இனி, மறுபக்கத்தையும் காண்போம். மிகுந்த பருமனும் மூளைக்கு நன்மை செய்வதன்று. குருதியழுத்தமும் நீரிழிவும் அதனைத் தொடர்ந்து வரக்கூடும். அவை மூளையின் நுண்ணிய குருதிக்குழாய்களைத் தாக்கும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்பட்டால், மறுநாள் கவனம் சிதறும். அளவுமீறிய பருமனால் துன்புறுவோர்க்கு இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை மருத்துவம் செய்கின்றனர். அதன்பின் சிலருக்கு நினைவாற்றல் மேம்பட்டதாக 2011-இல் அமெரிக்க ஆய்வாளர் அறிவித்தனர். ஆயினும், அதன்பின் தயாமின் என்னும் பி-1 வைட்டமின் போதிய அளவு உடலிற் சேராவிடின், நினைவே கெடவும் கூடும். ஆகவே, அது மருத்துவரின் முடிவுக்கும் நெடுநாட் கண்காணிப்புக்கும் உரியது.

ஒன்றை மறவாதீர். இவை பலரை ஒருங்கே ஆராய்ந்து கண்ட பொதுப் போக்குகள். பருத்தவன் மந்தன் என்றோ, மெலிந்தவன் கூரியன் என்றோ இவற்றால் எவரையும் மதிப்பிட இயலாது. எடைக்கருவி அறிவை அளப்பதில்லை.

ஆகவே, காலையுணவை விடாதீர், நாள்தோறும் விளையாடுங்கள், நன்கு உறங்குங்கள். தோழரின் உடலைக் கண்டு நகையாதீர். நண்பர் எவரேனும் உணவை மறைவாக ஒதுக்குவதைக் கண்டால், பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ தயங்காது கூறுங்கள்.

அந்த மாணவி மருத்துவரின் துணையால் மெல்ல மெல்லத் தேறினாள். கடிந்த அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி எனக்குக் கற்பிக்காத பாடத்தைக் கற்பித்தவள் அவளே.