கார் கை மாறினால் போதாது. பெயரும் மாற வேண்டும்!
பழைய காரை விற்பவர்கள் கவனிக்க வேண்டியவை

2022-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி. தீபாவளிக்கு முந்தின நாள், விடியற்காலை நேரம். கோவை உக்கடத்தில், கோட்டை ஈசுவரன் கோவில் அருகே ஒரு கார் பலத்த சத்தத்துடன் வெடித்தது. காரில் இருந்தவர் அங்கேயே இறந்தார்.

"கார் யாருடையது?" போலீசார் கேட்ட முதல் கேள்வி இதுதான். அது பழைய மாருதி 800 கார். பல கை மாறி வந்த கார். வாங்கியவர், விற்றவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள்.

3 ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 10-ந் தேதி டெல்லி செங்கோட்டை அருகே ஒரு கார் வெடித்துப் பலர் மாண்டார்கள். அதுவும் பல கை மாறிய கார்தான். நம்பரை வைத்துப் போலீசார் முதலில் போய்ப் பிடித்தது யாரை? காரை ஏற்கனவே விற்றுவிட்டவரை!

அவர் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. காரை விற்றார், அவ்வளவுதான். ஆனாலும் போலீஸ் வீட்டு வாசலில் வந்து நின்றது.

விபத்து நடந்தால்?

குண்டு வெடிப்பு என்றைக்கோ நடப்பது. விபத்து அன்றாடம் நடக்கிறது. விற்ற காரால் விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு யார் தலையில் விழும்?

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. ஒருவர் தம் வண்டியை 2007-ல் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவரும் வேறொருவருக்கு விற்றார். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. 2009-ல் அந்த வண்டி மோதி ஓர் உயிர் போயிற்று.

2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. "பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ, அவரே சட்டப்படி உரிமையாளர். நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு" என்று கோர்ட்டு முடிவு செய்தது. விபத்தில் குடும்பத்தினரைப் பறிகொடுத்தவர்கள், வண்டி எத்தனை கை மாறியது என்று தேடி அலைய முடியாது அல்லவா? அதனால்தான் இந்த முடிவு.

ஆகவே, காரை விற்பவர் பணத்தை எண்ணி வாங்கினால் மட்டும் வேலை முடிந்துவிடாது.

பார்க்க வருகிறவர்

கார் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்ததும் பலர் பேசுவார்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன். காரைப் பார்க்க வேண்டியதே இல்லை. அட்வான்ஸ் அனுப்புகிறேன். இந்தப் படத்தைப் போனில் ஸ்கேன் செய்யுங்கள்" என்று ஒருவர் சொல்வார். நம்பாதீர்கள்! பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டிய அவசியமே இல்லை. ரகசிய எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

ஆர்.சி. புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் படம் பிடித்து, முகம் தெரியாதவருக்கு அனுப்பவும் வேண்டாம். நேரில் வந்தால் காட்டலாம்.

காரை ஓட்டிப் பார்க்க வருகிறவரிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுப்பது சொந்தக்காரருக்கும் குற்றம். பகலில் வரச் சொல்லுங்கள். நீங்களும் உடன் ஏறிக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், கார் திரும்பி வரும் என்பது நிச்சயம் இல்லை.

பணம் வந்துவிட்டதா?

"பணம் போட்டுவிட்டேன். மெசேஜ் வந்ததா, பாருங்கள்" என்பார்கள். போலி மெசேஜ் அனுப்புவது சிரமமான காரியம் அல்ல. வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். செக் கொடுத்தால், அது பணமான பிறகே சாவியைக் கொடுங்கள்.

மொத்தமும் ரொக்கமாகத் தருகிறேன் என்றாலும் யோசிக்க வேண்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரல் முதல் வருமான வரிச் சட்டம் சொல்கிறது. மீறினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகலாம்!

வெற்றுத் தாளில் கையெழுத்து

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 என்று இரண்டு உண்டு. விற்பவர் அவற்றில் கையெழுத்துப் போட்டு, வாங்குபவரின் பெயரை எழுதாமல் கொடுத்துவிடுகிறார். புரோக்கர் அதைக் கையில் வைத்துக்கொண்டு காரை மூன்றாம் ஆளுக்கு விற்கிறார். அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் கார் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்குபவரின் பெயர், விலாசம், தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லதுதான். ஆனால் அது பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது.

கார் மாநிலத்துக்குள்ளேயே விற்கப்பட்டால், 14 நாட்களுக்குள் விற்பவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போனால் 45 நாள் தவணை. தடையில்லாச் சான்றும் வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பங்கை நீங்களே செய்யுங்கள்.

கடனில் வாங்கிய காரானால், வங்கியில் பாக்கி இல்லை என்ற கடிதமும் படிவம் 35-ம் பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கடன் குறிப்பை முதலில் நீக்க வேண்டும். அபராத பாக்கி இருந்தால் அதையும் கட்டிவிடுங்கள்.

சாவி கொடுக்கும் நேரம்

காரை ஒப்படைக்கும்போது ஒரு ரசீது எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதில் தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். காலை 10 மணிக்குக் கார் கை மாறி, 11 மணிக்கு விபத்து நடந்தால், அந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்குச் சாட்சி. காரின் மீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கச்சாவடிக்கான பாஸ்டேக் உங்கள் கணக்கோடு சேர்ந்தது. அதை மூடாவிட்டால், அவர் ஊர் சுற்றுவார். காசு உங்களுடையது போகும்! காரில் உள்ள ஆடியோ பெட்டியில் உங்கள் போன் எண்கள் பதிந்திருந்தால் அவற்றையும் அழித்துவிடுங்கள்.

இன்சூரன்சில் ஒரு லாபம் இருக்கிறது. நஷ்டஈடு கேட்காமல் பல ஆண்டுகள் ஓட்டியவருக்கு 20 முதல் 50 சதவீதம் வரை சலுகை உண்டு. அந்தச் சலுகை காருக்கு உரியது அல்ல; உங்களுக்கு உரியது. கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், 3 ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அது உதவும். இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற, வாங்குபவர் 14 நாட்களுக்குள் எழுதிக் கேட்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து

எல்லாம் முடிந்தது என்று எண்ணி ரசீதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட வேண்டாம். ஒரு மாதம் போனதும், அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் கார் நம்பரைப் போட்டுப் பாருங்கள். பெயரில் பாதி எழுத்துகள் மறைந்திருந்தாலும், அது உங்கள் பெயரா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இன்னும் உங்கள் பெயரே இருந்தால், வாங்கியவரைக் கேளுங்கள். அவர் சாக்குப் போக்குச் சொன்னால், ரசீதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்து, அத்தாட்சி பெற்று வாருங்கள்.

வேறொருவர் பெயரைக் கண்ணால் பார்த்த அன்றுதான் காரை விற்றதாக அர்த்தம். அதுவரை சாவி மட்டுமே அவரிடம், பொறுப்பு உங்களிடம்!