வீட்டில் ஓர் ஆர்கேட் பெட்டி: பட்டியலில் வராத செலவுகளும் வாங்குபவரின் உரிமைகளும்

நாணயம் போட்டு, நின்றபடியே ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிக்கு ஆர்கேட் கேபினெட் என்று பெயர். 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேன், 1991இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆகியவை இத்தகைய பெட்டிகளில்தான் முதலில் மக்களை அடைந்தன. பெட்டிகள் கடைகளிலிருந்து மறையத் தொடங்கிய பிறகு, ப்ளைவுட், மானிட்டர், சிறு கணினி ஆகியவற்றைக் கொண்டு அவற்றை வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் வேரூன்றி, இன்று சென்னை ரிச்சி தெருவில் உதிரிகளைத் தேடும் இளைஞர்வரை பரவியிருக்கிறது. இதில் இறங்குபவர் போடும் கணக்கு பெரும்பாலும் பொருள்களின் விலையோடு நின்றுவிடுகிறது. ஆயத்தமாக விற்கும் ஒரு கருவியை வாங்கினால் அதன் குறைக்கும் விபத்துக்கும் பதில் சொல்ல ஓர் உற்பத்தியாளர் இருப்பார். பல கடைகளில் வாங்கிய உதிரிகளைத் தாமே சேர்த்துக் கட்டும்போதோ, ஒவ்வோர் உதிரிக்கும் ஒரு விற்பனையாளர் பொறுப்பாவாரே தவிர முழுப் பெட்டிக்கும் கட்டியவர் ஒருவரே பொறுப்பு. இவ்வாறு பொறுப்பு இடம் மாறுவதே இந்தப் பொழுதுபோக்கின் மறைசெலவு.

கையிலிருந்து போகும் பணத்தைத் தீர்மானிப்பது, எந்த விளையாட்டை ஆடப்போகிறோம் என்ற முடிவு. பேக்-மேனுக்கு நான்கு திசை ஜாய்ஸ்டிக் ஒன்று போதும். ஆட்டத்துக்கென்று தனி பட்டன் தேவையில்லை. திரையை நெட்டுவாக்கில் நிறுத்த வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கோ எட்டுத் திசை ஜாய்ஸ்டிக், ஆளுக்கு ஆறு பட்டன்கள், படுக்கைவாட்டுத் திரை, இருவர் தோள் இடிக்காமல் நிற்கும் அகலம் ஆகிய எல்லாமே வேண்டும். இதை முடிவு செய்யாமல் தச்சரை அழைப்பவர் பலகையை இருமுறை வாங்க நேரிடும். பட்டன் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். சான்வா போன்ற ஜப்பானிய வகைப் பட்டன்களுக்கு 30 மில்லிமீட்டர் துளையும், அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் துளையும் தேவை. 28 மில்லிமீட்டர் அளவில் துளையிட்ட பலகையில் 30 மில்லிமீட்டர் பட்டன் இறங்காது. துளையைப் பெரிதாக்கலாம் என்றால், வட்டமாக அறுக்கும் டிரில்லின் நடுமுனை பிடித்து நிற்க அந்த இடத்தில் மரமே இராது. எனவே பட்டன் கைக்கு வந்து சேர்ந்த பிறகே பலகையைத் துளைக்க வேண்டும்.

ப்ளைவுட் தாள் ஒன்று எட்டுக்கு நான்கு அடி, அதாவது 32 சதுர அடி. ஆள் உயரப் பெட்டிக்கு இரண்டு தாள்களாவது வேண்டும். சதுர அடிக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பலகைக்கு மட்டும் 6,400 ரூபாய் ஆகிறது. நீர் தாங்கும் தரமான பலகை இதற்கும் மேலேயே விற்கும். தச்சர் கூலி, சன்மைக்கா, ஏற்றுக்கூலி ஆகியவை தனி. பொதுப் பயன்பாட்டுப் பலகைக்கு ஐ.எஸ். 303, நீர் தாங்கும் பலகைக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண்கள் உள்ளன. அந்த எண் பலகையில் அச்சிடப்பட்டிருப்பதோடு பில்லிலும் எழுதப்பட்டிருந்தால்தான், பின்னர் பலகை உப்பும்போது கேள்வி கேட்க இடமிருக்கும். கணினியைப் பொறுத்தவரை, 2012இல் 35 டாலருக்கு அறிமுகமான ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினி இப்பொழுதுபோக்கினரின் வழக்கமான தேர்வாக இருந்தாலும், அந்த விலை வெறும் பலகைக்கானது. அடாப்டர், மெமரி கார்டு, உறை, வயர் எல்லாம் சேரும்போது கணக்கு மாறிவிடும். எண்பதுகளின் விளையாட்டுகளுக்கு வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியே தாராளம்.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். பழைய பெட்டியின் மின்னணுப் பலகை செய்த வேலையை இன்றைய கணினியில் அப்படியே செய்து காட்டும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் தொடங்கிய மேம் இவ்வகையில் புகழ்பெற்றது. 2016 முதல் அது கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் இருப்பது ரோம் எனப்படும் கோப்பில். பழைய பலகையின் சில்லுகளில் இருந்த விளையாட்டு நிரலின் நகலே ரோம். அதன் உரிமை இன்றும் அந்தந்த நிறுவனத்திடம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. இலக்கியப் படைப்புக்குரிய பாதுகாப்பு ஆசிரியரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆகவே 1978இன் விளையாட்டுகூட இன்னும் பொதுவுடைமை ஆகவில்லை. ‘பழசாகிவிட்டது, கடையிலும் கிடைப்பதில்லை, ஆகவே இலவசம்’ என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

சந்தையில் ‘பத்தாயிரம் விளையாட்டுகள் சேர்த்து’ என்று கூவி விற்கப்படும் மெமரி கார்டுகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அத்தனை நிறுவனங்களிடமும் உரிமம் பெற்ற ஒருவரால் அந்த விலைக்கு விற்க முடியாது என்பது வெளிப்படை. திருட்டு நகல் என்று அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துபவருக்குச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆதாய நோக்கமோ வணிகமோ இல்லாத இடத்தில், போதிய காரணங்களைத் தீர்ப்பில் குறிப்பிட்டு, சிறையைத் தவிர்த்து 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 52ஆம் பிரிவு தரும் காப்பு நகல் விலக்கைப் பலர் மேற்கோள் காட்டினாலும், நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவருக்கே, அது இழப்போ சேதமோ அடையாமல் காக்கும் பொருட்டே, அவ்விலக்கு உரியது. அசல் பலகை கையில் இல்லாதவருக்கு அது பொருந்தாது.

உரிமையாளர்களின் கை பெரும்பாலும் வீட்டில் ஆடுபவரை விட்டுவிட்டு விநியோகிப்பவரையே பிடிக்கிறது என்பது உண்மைதான். 2018இல் அமெரிக்காவில் லவ்ரோம்ஸ் என்ற தளத்தை நடத்தியவர்கள்மீது நின்டெண்டோ தொடுத்த வழக்கு, அதே ஆண்டில் ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கான தீர்ப்போடு முடிந்தது. ஆனால் பொழுதுபோக்கினர் தம்மையறியாமல் விநியோகிப்பவராக மாறும் கட்டம் ஒன்று உண்டு. முதல் பெட்டிக்கு ஆன செலவை ஈடுகட்ட இரண்டாவது பெட்டி கட்டி, விளையாட்டுகளை ஏற்றி விற்கும் கட்டமே அது. அப்போது ரோமுக்கான குற்றத்தோடு, எஸ்நெஸ்9எக்ஸ், ஃபைனல்பர்ன் நியோ போன்ற சில எமுலேட்டர்களின் வணிகத் தடை உரிமத்தை மீறிய குற்றமும் சேரும். அமெச்சூர் என்ற அடையாளமும் போய்விடும். பெட்டியைக் கடையில் வைத்துக் கட்டணம் வாங்குவதும் இதே வகையே. அதை வீட்டு மின் இணைப்பிலேயே நடத்தினால், மின்சாரச் சட்டம், 2003இன் 126ஆம் பிரிவுப்படி உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு மதிப்பிடப்படும்.

முறையான வழி இல்லாமலும் இல்லை. அது அத்தனை விலையுயர்ந்ததும் அன்று. கேப்காம், அடாரி போன்ற நிறுவனங்கள் தம் பழைய விளையாட்டுகளைத் தொகுத்துக் கணினிக்கு விற்கின்றன. ராபி ரோட்டோ, கிரிட்லி முதலிய சிலவற்றை, வணிகமல்லாத பயன்பாட்டுக்கென உரிமையாளர்களே அனுமதி தந்து மேம் திட்டத்தின் வழி இலவசமாக விட்டிருக்கின்றனர். பத்தாயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலில் உண்மையில் மீண்டும் மீண்டும் ஆடப்படுபவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

பணத்தைவிட உயிர் பெரிது என்பதால் மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் 12 வோல்ட், 5 வோல்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியில், 230 வோல்ட் வயரை முடுக்கும் திருகுகள் பல மாதிரிகளில் திறந்தபடியே இருக்கும். பெட்டியின் பின்கதவைத் திறக்கும் சிறுவனின் கை நேராக அங்கேதான் போகும். சில மாதிரிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று குறித்த சிறு தள்ளு சுவிட்ச் ஒன்று உண்டு. அது 115இல் இருக்க, இந்தியாவின் 230 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்தால் கருவி அந்தக் கணமே கருகிவிடும். கவனக்குறைவால் நேர்ந்த இச்சேதத்துக்கு விற்பவர் பொறுப்பாக மாட்டார். மூன்று பின் பிளக், முறையான எர்த், பெட்டிக்குள் ஃபியூஸ், திருகுகளுக்கு மூடி, அறையின் மின்பாதையில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றுக்கான தொகையை ஆடம்பரமாகக் கருதாமல் முதல் நாள் பட்டியலிலேயே எழுத வேண்டும்.

பழைய காலத் தோற்றத்துக்காகக் குழாய்த் திரை, அதாவது சி.ஆர்.டி. மானிட்டர் வைக்க விரும்புவோர், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதன் உயரழுத்த முனையில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதை அறிய வேண்டும். அசல் ஆர்கேட் மானிட்டர்கள் பலவற்றைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே இணைக்க வேண்டும். அது இன்றி இணைத்தால் உலோகச் சட்டமே மின்சாரம் பாயும் பொருளாகிவிடும். பயிற்சி இல்லாதவர் இதைத் தொடாமல், எல்.சி.டி. திரையோடு திருப்தி அடைவதே அறிவுடைமை. பழுதான குழாய்த் திரையின் கண்ணாடியில் ஈயம் இருப்பதால், அதைக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு விதிகள், 2022இன்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். ப்ளைவுட்டுக்குப் பதிலாக, மர இழைகளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையை வீட்டுக்குள் அறுப்பவர் முகக்கவசம் அணியாதிருந்தால் அதன் தூசும் கேடே.

வெளிநாட்டிலிருந்து உதிரி தருவிப்பவர், சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை, அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த மதிப்புக்கே போடப்படுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.  அதற்கு மேல் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யும் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் வரும். வரி விகிதம் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடியதாகையால், ஆர்டர் செய்யும் நாளில் பார்ப்பதே சரி.

குறையுள்ள பொருள் வந்து சேர்ந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணை நிற்கும். மறுவிற்பனைக்கோ வணிகத்துக்கோ அல்லாமல் தம் பயனுக்கு வாங்கிய எவரும், இணையத்தில் வாங்கியவர் உட்பட, இச்சட்டப்படி நுகர்வோரே. கூலி பெற்று வேலையை அரைகுறையாக விட்டுச்சென்ற தச்சரின் சேவைக் குறைபாட்டையும் இதன்கீழ் எழுப்பலாம். பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அவ்வாறு குறிக்காதபோது 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சடித்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உள்ளன. விற்பவர் தில்லியில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது கட்டணமும் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிட்ட போலி விற்பனையாளரைப் பற்றி 1930 என்ற எண்ணில் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் அடுத்த கணக்குக்குப் போய்விடும். இந்தியாவில் முகவரியே இல்லாத வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆணையத்தின் உத்தரவை நிறைவேற்றுவது நடைமுறையில் மிகக் கடினம். அங்கே வாங்கும் மலிவான பொருளின் விலையில் இந்த இழப்பு அபாயத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆணையத்தில் புகார் தரச் சட்டம் தரும் காலம், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். கடைகள் தரும் வெப்பத்தாள் பில்லிலோ எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். பெட்டிக்கென வாங்கும் ஒவ்வொரு திருகுக்கும் பலகைக்கும் பில் கேட்டு, வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.