தென்னையின் உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவது யார்?

தென்னந்தோப்பில் மரத்துக்கு டானிக் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மரத்தடியில் மண்ணைத் தோண்டி, பென்சில் கனத்தில் ஓர் இளம் வேரைத் தேடி எடுப்பார்கள். நுனியைச் சாய்வாகச் சீவி, 200 மில்லி டானிக் ஊற்றிய பிளாஸ்டிக் பைக்குள் நுழைத்து, வாயை நூலால் கட்டி, மண்ணை மூடிவிடுவார்கள். ஓரிரு நாள் கழித்துத் தோண்டிப் பார்த்தால் பை சப்பிப்போய்க் கிடக்கும். மோட்டாரும் இல்லை, அழுத்த ஆளும் இல்லை. பிறகு எப்படிக் காலியானது?

பெரிய கிணறுகளில் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி இறக்கி வைத்திருப்பார்கள். ஏனென்றால், மேலே இருந்துகொண்டு தண்ணீரை உறிஞ்சும் மோட்டார் எவ்வளவு பெரிதானாலும், சுமார் 10 மீட்டருக்கு மேல் அதனால் இழுக்க முடியாது. காற்றழுத்தம் அந்த அளவுக்குத்தான் தண்ணீரைத் தூக்கிக் கொடுக்கும். நெட்டைத் தென்னையோ 20 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. அதன் குருத்துக்கும் தண்ணீர் போகிறது, இளநீருக்குள்ளும் போகிறது!

இழுப்பது ஓலைதான். ஓலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இலைத்துளைகள் ஏராளம். வெயில் பட்டதும் அவற்றின் வழியே நீர் ஆவியாகப் போகிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்பவை. குழாய் வாயில் ஒரு சொட்டு விழாமல் தொங்குவதைக் கவனியுங்கள், அதே பிடிதான். மேலே ஒன்று வெளியேறினால் அடுத்ததை இழுக்கும், அது அதற்கடுத்ததை இழுக்கும். இந்த இழுப்பு வேர்நுனிவரை போய், மண்ணின் ஈரத்தை உள்ளே கொண்டுவருகிறது. பையிலிருந்த டானிக்கைக் காலி செய்ததும் இதே இழுப்புதான். வழியில் இருக்கும் சைலக் குழாய்கள் செத்துப்போன செல்களால் ஆனவை. உள்ளே வெறும் கூடு. அதனால்தான் தடையில்லாமல் நீர் ஏறுகிறது. இந்த விளக்கத்தை 1894-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஹென்றி டிக்ஸன், ஜான் ஜோலி என்ற இருவர் முன்வைத்தார்கள்.

நம்பிக்கை வரவில்லையா? காசித்தும்பைச் செடி இரண்டு எடுங்கள். தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டுங்கள், காற்று புகக் கூடாது. ஒன்றில் இலைகளை விட்டுவிடுங்கள், மற்றதில் எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். இரண்டையும் சிவப்பு மை கலந்த நீரில் நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். காசித்தும்பைத் தண்டு கண்ணாடி மாதிரி. உள்ளே சிவப்புக் கோடுகள் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். எந்தத் தண்டில் வேகமாக ஏறுகிறது என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேம்பும் புளியும் தண்டு பருக்கப் பருக்கப் புதுக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும். தென்னைத் தண்டு அப்படிப் பருப்பதில்லை. இளமையில் அமைந்த குழாய்களை வைத்துத்தான் அது ஆயுள் முழுக்கத் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஏறுவதற்காக வெட்டிய படிகளின் வடு அதில் ஆறுவதே இல்லை. ஆகவே தென்னையில் படி வெட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். யாராவது செய்தால் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.