பல் வளரும் மீனுக்கு வீட்டு நத்தை

மீன்தொட்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நத்தை என்றாலே எரிச்சல். கடையில் வாங்கிய செடியின் இலையடியில் ஒரு முட்டைக்கொத்து ஒட்டிவந்தால் போதும், சில வாரங்களில் கண்ணாடி முழுக்க நத்தையாகிவிடும். அதை ஒழிக்க மருந்து தேடுவோம். ஆனால் அதே நத்தை இல்லாமல் ஆரோக்கியமாக வாழ முடியாத மீன்களும் நம் வீடுகளில் வளர்கின்றன. அப்படிப்பட்ட மீனை வாங்கியவர் நத்தையையும் தாமே தனித் தொட்டியில் பெருக்கிக்கொள்வதுதான் முறை. குளத்திலும் வயலிலும் பொறுக்கிவந்து போடுவது மீனுக்கு நல்லதல்ல.

நம் கடலோரத்தில் பேத்தை என்று சொல்லும் பஃபர் இன மீன்களை எடுத்துக்கொள்வோம். இவற்றுக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கே பற்கள். அவை ஒட்டி அலகுபோல் ஆகி, வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நத்தை, நண்டு போன்றவற்றின் ஓட்டைக் கடித்து நொறுக்கும்போதுதான் அவை தேயும். பச்சைப்புள்ளி பஃபருக்கு மென்மையான புழுவை மட்டுமே போட்டுவந்தால் பல் நீண்டு, வாய் சரியாக மூடாமல், எதிரில் உணவிருந்தும் மீன் பட்டினி கிடக்கும். பிறகு கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கிப் பல்லை வெட்டிவிடுவதுதான் வழி. அது அனுபவசாலிகளுக்கே ஆபத்தான வேலை. கேரள ஆறுகளைச் சேர்ந்த, 1941-இல் ஹோராவும் நாயரும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய குள்ளப் பஃபர் ஓர் அங்குல அளவே இருக்கும். அதற்குப் பல் பிரச்சினை குறைவு என்றாலும் காய்ந்த குருணைத் தீனியைப் பெரும்பாலும் தொடாது. நத்தை ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: இரு கண்களையும் தனித்தனியே உருட்டி நோட்டம் விட்டு, நத்தை ஓட்டிலிருந்து உடலை நீட்டும்வரை அசையாமல் மிதந்து, சட்டென்று பாய்ந்து கவ்வும். குருணை எதுவும் அதற்கு இந்த வேட்டையைத் தராது.

“வயலில் இலவசமாகக் கிடைக்கிற நத்தைக்குத் தனித் தொட்டி எதற்கு?” என்று கேட்கலாம். காரணம் தட்டைப்புழு. நீர்ப்பறவையின் எச்சத்தோடு விழும் புழுமுட்டை பொரிந்து நத்தைக்குள் நுழைகிறது. அங்கே பெருகி வெளிவரும் குஞ்சுப்புழுக்கள் மீனின் தோலையும் கண்ணையும் துளைத்துத் தங்குகின்றன. மீனைப் பறவை தின்றால் வட்டம் முழுமையாகும். வீட்டுத் தொட்டிக்குப் பறவை வராது, ஆனால் குளத்து நத்தை நோயைச் சுமந்தே வரலாம். அதில் பூச்சிமருந்து எச்சமும் சேர்ந்திருக்கலாம். இந்தப் புழு தாய் நத்தையிலிருந்து முட்டைக்குக் கடத்தப்படுவதில்லை என்பதுதான் நமக்குச் சாதகம். முதலில் வாங்கிய நத்தைகள் முட்டையிட்டதும் அவற்றை அப்புறப்படுத்தி, புதிய நீரில் பொரிக்கும் அடுத்த தலைமுறையை மட்டும் வளர்த்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

வளர்ப்பது கடினமல்ல. சுமார் இருபது லிட்டர் தொட்டி, காற்றுக்குழாயில் ஓடும் பஞ்சு வடிகட்டி, குளோரின் போன தண்ணீர் போதும். தீனிக்கு வளர்க்க ஏற்றது ராம்ஷார்ன் நத்தை; ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் ஜோடி பார்த்துச் சேர்க்க வேண்டியதில்லை. கண்ணாடிபோன்ற பசையில் இடும் முட்டைகள் ஓரிரு வாரங்களில் பொரிந்துவிடும். லேசாக வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு, மிச்சமாகும் மீன்தீனி எல்லாம் தின்னும். மென்னீரில் ஓடு வெளுத்து அரிக்கும், ஆகவே கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவைக்கலாம். கடினமான போர் தண்ணீர் உள்ள ஊர்களில் அதுகூடத் தேவைப்படாது. செம்பு கலந்த மருந்து போட்ட நீரோ வலையோ மட்டும் இந்தத் தொட்டிப் பக்கமே வரக்கூடாது, செம்பு நத்தைக்கு நஞ்சு. மலேசிய எக்காள நத்தையின் ஓடு மிகக் கெட்டி. சிறிய பஃபரின் பல்லையே உடைத்துவிடலாம் என்பதால் தீனிக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

தொட்டி நாறும், நத்தை எல்லை மீறிப் பெருகும் என்பது அடுத்த ஆட்சேபம். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: தேவைக்கு மேல் போடும் தீனி. தீனியைக் குறைத்தால் எண்ணிக்கை தானே அடங்கும், நீரும் கெடாது. சாக்கடை கலந்த சேற்றில் பெருகும் டியூபிஃபெக்ஸ் புழுவை வாங்கிக் கழுவிக் கழுவிப் போடுவதைவிட இது சுத்தமான உயிர் உணவு. நத்தையே முழு உணவாகிவிடாது. இறால், புழு, உறைந்த தீனி என்று மாற்றிமாற்றிக் கொடுக்கவே வேண்டும். நத்தையும் உயிர்தானே என்ற தயக்கத்துக்கு ஒரே நேர்மையான பதில்தான் உண்டு: வேட்டையாடும் மீனை வாங்காமல் இருப்பது. வாங்கிவிட்டால் அதன் இயல்புக்கேற்ற தீனி கொடுக்கும் கடமை நமக்குண்டு.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்யக்கூடாது. மிஞ்சிய நத்தைகளைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்கு உணவுக்காகக் கொண்டுவந்து கைவிடப்பட்ட தங்க ஆப்பிள் நத்தை, ஆசிய நாடுகள் பலவற்றில் நெல் நாற்றைத் தின்னும் பெரும் பீடையாக மாறியது. வேண்டாத நத்தையை உறைய வைத்து, செடிகளுக்கு உரமாகப் புதைத்துவிடுங்கள்.