உங்களுக்குத் தெரியுமா? ஒரு சொல்லில் மாறிய நிலக்கரி உடன்பாடு

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டின் இறுதி வரைவு, நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாகக் ‘கைவிடுவது’ பற்றிப் பேசியது. கடைசி நேரத்தில் இந்தியா திருத்தம் கோரியது, சீனாவும் ஆதரித்தது. ‘கைவிடுவது’ என்பது ‘குறைப்பது’ ஆனது. வறுமை ஒழிப்பும் வளர்ச்சியும் மிச்சமிருக்கும் நாடுகள் அவ்வாறு வாக்குறுதி அளிக்க இயலாது என்பது இந்தியாவின் வாதம். கடல்மட்ட உயர்வை அஞ்சும் தீவு நாடுகள் ஏமாற்றம் தெரிவித்தன. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார்.

ஆயினும், இம்மாநாடுகளின் உடன்பாட்டில் நிலக்கரி பெயர் சுட்டப்பட்டது அதுவே முதல்முறை. உலக நிலக்கரியில் பாதிக்கு மேல் சீனாவே பயன்படுத்துகிறது. நிகர சுழிய உமிழ்வை எட்டச் சீனா 2060ஐயும் இந்தியா 2070ஐயும் இலக்காக அறிவித்துள்ளன. 1882இல் லண்டனில் நிலக்கரி மின்நிலையம் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது.