எட்டு லிங்கம், எட்டுக் குமிழ்

திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குள் மயில் அகவுகிறது, கேட்கிறதா? ஆசிரமம் இருக்கிற செங்கம் சாலையில் ஒரு டீக்கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து கேட்டாள்: "மாமா, எங்க தெருக் கோயில்ல யாரும் அடிக்காமலே மேளமும் மணியும் அடிக்குதே, அது எப்படி?"

சபாஷ்! தினமும் நூறு பேர் அந்த மேளத்தைக் கேட்கிறார்கள். எப்படி என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அந்த மேள இயந்திரத்தில் ஒரு மோட்டார் சுற்றுகிறது. அதோடு ஓர் அச்சும் சுற்றுகிறது. அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் துண்டு, கோலைத் தள்ளிவிடும். கோல் போய் மேளத்தில் விழும். டம்! ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. எப்போது அடிக்க வேண்டும் என்பது, துண்டு எங்கே துருத்துகிறது என்பதில் இருக்கிறது. புரிகிறதா? நல்லது.

இதே வேலையை மின்சாரத்தால் செய்யும் பெட்டிக்கு ஸ்டெப் சீக்வென்சர் என்று பெயர். அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்பவரின் நிறுவனம், 1960-களின் கடைசியில் 960 என்று ஒரு மாடல் செய்தது. அதில் வரிசையாக எட்டுப் படிகள். ஒவ்வொரு படியிலும் ஒரு சின்ன விளக்கு, மூன்று குமிழ்கள். மொத்தம் எத்தனை குமிழ்? 24. சொல்லிவிட்டாய் பார்!

எட்டு என்றதும் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது? எனக்கு அண்ணாமலையைச் சுற்றும் கிரிவலம்தான். 14 கிலோமீட்டர் பாதையில் இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஆசிரமம் இருப்பது அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் நடுவில்.

சீக்வென்சரின் விளக்கும் அப்படித்தான் வலம் வரும். முதல் படியில் எரியும், அணையும். இரண்டாவதில் எரியும். எட்டாவது முடிந்ததும் மறுபடி முதல் படி. எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும் என்று சொல்ல, பள்ளிக்கூட மணி மாதிரி ஒரு துடிப்பு உள்ளே அடித்துக்கொண்டே இருக்கும். மணி வேகமானால் நடையும் வேகமாகும்.

இப்போது ஒரு வேடிக்கை. இந்தப் பெட்டிக்குக் குரலே கிடையாது! காதை ஒட்டி வைத்தாலும் பாட்டு கேட்காது. பாடுவது பக்கத்தில் இருக்கும் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி. எப்போது பாடு, எந்த உயரத்தில் பாடு என்று சீட்டு கொடுப்பது மட்டும்தான் சீக்வென்சரின் வேலை. அந்தச் சீட்டு காகிதம் இல்லை, வோல்ட்.

டார்ச் லைட் பேட்டரி 1.5 வோல்ட் என்று உனக்குத் தெரியும். மோக் சிந்தசைசரில் 1 வோல்ட் கூடினால், கீழ் 'ச' மேல் 'ச' ஆகிவிடும். அதாவது, ஒரு நொடியில் காற்று அதிர்கிற எண்ணிக்கை இரு மடங்காகும். அந்த இரண்டு 'ச'-வுக்கும் இடையே 12 ஸ்வர இடைவெளி. அப்படியானால் ஓர் இடைவெளிக்கு ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. மெதுவாக இன்னொரு தரம் படித்துப் பார், அவசரமே இல்லை.

மோகன ராகம் வைப்போமா? படிக்கு ஒரு குமிழ் என்று எட்டுக் குமிழில் ச, ரி, க, ப, த, ப, க, ரி. 'ச' பூஜ்யம் வோல்ட் என்றால், 'ப' பன்னிரண்டில் ஏழு பங்கு. விளக்கு சுற்றச் சுற்ற மோகனம் தானாக ஓடும். சலிக்காதா என்கிறாயா? ஓடும்போதே ஐந்தாவது குமிழைக் கொஞ்சம் திருகு. அந்த ஒரு ஸ்வரம் மட்டும் நழுவும், ராகமே வேறு முகம் காட்டும். ஒரு படியைத் தாண்டிப் போகச் சொல்லவும் சுவிட்ச் உண்டு. உடனே எட்டு ஏழாகிவிடும். குமிழை மயிரிழை கூடத் திருகினால் அபஸ்வரம், ஆகவே காதுதான் வாத்தியார். மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தட்டித் தட்டிப் பார்ப்பாரே, அதே கதை.

பழைய சிந்தசைசருக்கு வெயிலும் ஆகாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் சூடாகும்போது அதில் ஓடும் மின்சாரம் மாறும். சுருதி மெல்ல நகரும். அதனால் வாசிப்பதற்கு முன்பே போட்டுவைத்து, சூடு ஒரு நிலைக்கு வந்தபின் சுருதி சேர்ப்பார்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி என்ன பாடு படும், யோசித்துப் பார்!

நம் நாட்டில் இதெல்லாம் உண்டா? உண்டு. ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே 1969-இல் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் வந்து மோக் சிந்தசைசரை அமைத்துக் கொடுத்தார். இசைக்கலைஞர் கீதா சாராபாய் முதலானோர் அதில் இசை செய்து, நாடாக்களில் பதிந்தார்கள். அந்த நாடாக்கள் பல வருஷம் சும்மா கிடந்தன. 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

எனக்கு இன்னும் பிடித்த கதை சரண்ஜித் சிங்குடையது. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் கித்தார் வாசித்தவர். ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் செய்த டிபி-303 என்ற சின்னப் பெட்டி அவரிடம் இருந்தது. அதில் 16 படிகள். குமிழுக்குப் பதிலாகப் பொத்தானை அமுக்கி ஸ்வரத்தை ஞாபகத்தில் வைக்கிற பெட்டி அது. கூடவே தாளத்துக்கு டிஆர்-808 என்ற இன்னொரு பெட்டி. இவற்றை வைத்து 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அதில் பூபாலியும் உண்டு. பூபாலி என்றால் வேறொன்றுமில்லை, நம்ம மோகனம்! அப்போது அவ்வளவாக விற்கவில்லை. 1987-இல் சிகாகோ இளைஞர்கள் அதே 303-ஐ வைத்து ஒரு நடன இசைத்தட்டு போட்டார்கள். அந்தப் பாணி உலகமெங்கும் பரவியது. நம்மவர் ஐந்து வருஷம் முந்திக்கொண்டுவிட்டார் என்பது பிறகுதான் பலருக்கும் உறைத்தது.

உன்னிடம் பெட்டி இல்லையே என்று வருந்தாதே. ஆசிரமத்துப் பக்கம் வேண்டாம், தியானம் செய்கிறவர்கள் இருப்பார்கள். வீட்டு மொட்டைமாடிக்குப் போ. எட்டுப் பேரை வட்டமாக உட்கார வை. ஆளுக்கு ஒரு ஸ்வரம். ஒருவர் ஆதி தாளம் மாதிரி எட்டு எண்ணிக் கை தட்டட்டும். தட்டு உன்னிடம் வரும்போது மட்டும் நீ பாடு. பிறகு பக்கத்தில் ஏழு பேர் கொண்ட இன்னொரு வட்டம் போட்டு, இரண்டையும் ஒன்றாக 'ச'-வில் தொடங்கு. மறுபடி இரண்டு வட்டமும் ஒரே தட்டில் முதல் ஆளிடம் வந்து சேர எத்தனை தட்டு ஆகிறது? முதலில் பாடிப் பார், அப்புறம் கணக்குப் போடு. விடையை மாமாவுக்கு ஓர் அஞ்சலட்டையில் எழுது.