எளியவற்றின் கவிஞர் இசா

1916 ஆம் ஆண்டு சுதேசமித்திரன் இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றிப் பாரதியார் ஒரு கட்டுரை எழுதினார். ஹைக்கூ என்னும் குறுங்கவிதை வடிவத்தைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை அது. தம் வீடு தீப்பற்றி எரிந்ததை அமைதி குலையாமல் பாடிய ஒரு கவிஞரைப் பற்றிய செய்தி அதில் உண்டு. 5, 7, 5 என மூன்றடிகளில் 17 அசைகளே கொண்ட அவ்வடிவில், பிற்காலத்தில் வேறொரு கவிஞர் தம் வாழ்நாள் துயரங்களையெல்லாம் எழுதினார். பாஷோ, பூசோன் ஆகியோருக்குப்பின் ஹைக்கூவின் பெருங்கவிஞராகப் போற்றப்படும் கோபயாஷி இசாவே அவர்.

ஜப்பானின் பனிமிகுந்த மலைநாட்டுச் சிற்றூரான காஷிவபாராவில், 1763 ஆம் ஆண்டு ஓர் உழவர் குடும்பத்தில் இசா பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பதினான்கு வயதில் பிழைப்புக்காக எதோ நகருக்கு அனுப்பப்பட்டார். இன்றைய தோக்கியோவே அந்நகர். 'இசா' என்பது அவர் சூடிக்கொண்ட புனைபெயர். ஒரு கோப்பைத் தேநீர் என்பது அதன் பொருள்.

அவர் இயற்றிய ஏறத்தாழ 20,000 கவிதைகளில் ஈயும் தெள்ளும் நத்தையும் திரும்பத்திரும்ப வருகின்றன. மெலிந்த தவளைக்குத் துணைநிற்கிறார். தாயற்ற குருவியைத் தம்மோடு விளையாட அழைக்கிறார். இவற்றை வெறும் வேடிக்கை எனக் கொள்வது பிழை. அக்குருவியை அழைக்கும் குரல், தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்தவரின் குரல்.

ஐம்பது வயதுக்குமேல்தான் இசாவுக்குத் திருமணம் நடந்தது. முதல் மகன் பிறந்த சில நாள்களில் இறந்தான். 1818 இல் சாத்தோ என்னும் மகள் பிறந்தாள். 'என் வசந்தம்' எனப் பொருள்படும் பெயருடைய தம் நூலில் அவளுடைய குறும்புகளை அவர் விரிவாக எழுதியுள்ளார். கையில் கொடுத்த காற்றாடியை அவள் வாயில் வைத்துச் சுவைத்துவிட்டு எறிகிறாள். கதவில் ஒட்டிய தாளைக் கிழிக்கிறாள். தந்தை பாராட்டியதும் இன்னும் விரைந்து கிழிக்கிறாள். அதே நூலிலேயே, 1819 இல் பெரியம்மை அவளைக் கொண்டுபோனதையும் எழுதுகிறார்.

அம்மரணத்தை ஒட்டி அவர் பாடிய கவிதையே அவருடைய கவிதைகளுள் மிகவும் புகழ்பெற்றது. உலகம் பனித்துளிபோல நிலையற்றது என்பது பௌத்தர்களின் தெளிவு. இசாவும் பௌத்தரே, அத்தெளிவை அவர் மறுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு, 'ஆயினும்' என்பதுபோன்ற தயக்கத்தோடு கவிதையை முடித்துவிடுகிறார். ஆயினும் என்ன? அதைச் சொல்லவில்லை. அறிவுக்குப் புலப்பட்ட உண்மையை மனம் ஏற்க மறுக்கும் இடம் அது. முடிக்கப்படாத அச்சொல்லைத் துயரம் என்று மட்டும் படிப்போர் உண்டு. வாழ்வைக் கைவிட மனமில்லாத பற்றும் அதில் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

அதன்பின் மேலும் இரு மகன்களும் 1823 இல் மனைவி கிக்குவும் இறந்தனர். 1827 இல் ஊரில் பற்றிய தீயில் இசாவின் வீடும் எரிந்தது. எஞ்சிய மண்சுவர்க் களஞ்சியத்தில் அவர் குடியேறினார். பாரதியார் குறிப்பிட்ட கவிஞரைப்போல இசாவும் தீயைப் பாடினார். எனினும் அவர் கண்ணில் பட்டவை, எரிந்த மண்ணின் இளஞ்சூட்டில் ஆரவாரித்துத் துள்ளும் தெள்ளுப்பூச்சிகள். அக்குளிர்காலத்தில் அக்களஞ்சியத்திலேயே அவர் உயிர்நீத்தார். அவர் மறைந்தபின் யாத்தா என்னும் மகள் பிறந்தாள். அவருடைய பிள்ளைகளுள் பிழைத்து வளர்ந்தவள் அவள் ஒருத்தியே.